விளையாட்டுக்குள் பாடம் எங்கே இருக்கிறது?

செயல்வழிக் கற்றல் முதல் எண்ணும் எழுத்தும் வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் ஆடலையும் பாடலையும் அட்டைகளையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்திருக்கின்றன. பிள்ளைகள் மகிழ்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. எந்த விளையாட்டு கற்பிக்கிறது, எது வெறுமனே நேரத்தை நிரப்புகிறது என்பதைத்தான் இனி பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போது தென்காசிச் சீமையில் சாரல் காலமும் தொடங்கிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்து அருவிகளை நிறைப்பதோடு, மலையடிவாரத்தை ஒட்டிய பண்பொழி, மேக்கரை, வடகரை, அச்சன்புதூர் ஆகிய ஊர்களின் பள்ளி மைதானங்களையும் ஈரம் உலராமல் வைத்திருப்பதால், பிள்ளைகள் வெளியே ஓடியாட வழியின்றி வகுப்பறைக்குள்ளேயே கழிக்கும் வாரங்கள் அவை. ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகள் ஒரே அறையில் அமரும் தொடக்கப் பள்ளியொன்றில், அந்த வாரங்களில் காணக்கூடிய காட்சி ஏறத்தாழ இப்படி இருக்கும்: அறையின் குறுக்கே கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்த தாள்கள் தொங்குகின்றன, தரையில் சாக்பீசால் 1 முதல் 20 வரை கட்டமிட்டு, புளியங்கொட்டைகளை நகர்த்தியபடி நான்கு பேர் குனிந்திருக்கிறார்கள், சுவரோரத் தாழ்நிலைக் கரும்பலகையில் தனக்கென ஒதுக்கிய இடத்தில் ஒரு சிறுமி 'ழ'கரத்தின் சுழியை அழித்து அழித்து எழுதுகிறாள், விரித்துக் காயவைத்த குடைகளுக்குப் பக்கத்தில் இருவர் காகிதப் பொம்மைகளை விரல்களில் மாட்டி முயலையும் ஆமையையும் பேசவைக்கிறார்கள், வாசிக்கத் திணறும் ஐந்தாறு பேரை வட்டமாக அமர்த்தி அவர்களோடு தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார் ஆசிரியர். அறை முழுக்கப் பேச்சொலி நிறைந்திருக்கிறது.

பிள்ளையை அழைத்துப்போக வந்து வாசலில் நிற்கும் பெற்றோருக்கு இக்காட்சி மகிழ்ச்சியையும் கவலையையும் ஒருசேரத் தருகிறது. பிள்ளை அழாமல் பள்ளிக்கு வருவதற்கு இந்த ஆட்டபாட்டமே காரணம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் விளையாட்டு நடக்கிற இடத்தில் படிப்பும் நடக்கிறதா என்ற கேள்வி அவர்களை விடுவதில்லை. கல்வித்துறையினர் பலர் இதைப் பழைய எண்ணம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்குவது சரியன்று. விளையாட்டுவழிக் கற்றலைப் பற்றிக் கேட்கவேண்டிய மிக முக்கியமான கேள்வியே அதுதான்.

வந்த வழி

பள்ளி என்றாலே பிரம்பும் மனப்பாடமும் என்ற நினைவு தமிழர்க்கு உண்டெனினும், திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே செயல்பாட்டின் கூறுகள் இருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் மணலெழுத்தைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தியதோடு, மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் விரிவாக்கி 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவியது.

ஐரோப்பாவில் ஃபிரெடரிக் ஃபுரோபல் 1837இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம் பின்னர் கிண்டர்கார்டன் எனப் பெயர் பெற்றது. விளையாட்டே குழந்தையின் கல்வி என்ற கருத்துக்கு அவர் தந்த வடிவத்தை, 1907இல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கிய மரியா மாண்டிசோரி வேறொரு திசைக்குக் கொண்டுபோனார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறு வந்த அவர், இரண்டாம் உலகப் போரால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தபோது கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் வாழ்ந்து கற்பித்தார். குஜராத்தின் பாவ்நகரில் 1920 முதல் பால்மந்திர் என்னும் குழந்தைகள் பள்ளியை நடத்திய கிஜுபாய் பதேக்கா, கதையையும் விளையாட்டையும் கொண்டு ஒரு சாதாரண வகுப்பை மாற்றிக் காட்டும் ஆசிரியரைப் பற்றி எழுதிய நூல் 'பகல் கனவு' என்று தமிழில் வந்து, இன்றும் ஆசிரியர்களின் கைகளில் இருக்கிறது.

தமிழகத்தில் இந்தச் சிந்தனை பெருந்திரளான பள்ளிகளை எட்டுவதற்கு இரண்டு வாயில்கள் திறந்தன. 1990களின் அறிவொளி இயக்கமும், அதில் பங்கேற்ற தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், பாட்டு, வீதி நாடகம், புதிர் ஆகியவற்றால் எழுத்தறிவு தரலாம் என்பதை, இன்றைய தென்காசி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய திருநெல்வேலி மாவட்டம் உட்பட, ஊர்தோறும் காட்டின. அடுத்த வாயில் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் பத்மநாப ராவும் ராமாவும் உருவாக்கியிருந்த கற்றல் அட்டை முறையை அடிப்படையாகக் கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார். 2007-08ஆம் கல்வியாண்டுக்குள் அது மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளை எட்டியது.

அந்த முறையில் பாடம் சிறுசிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டையும், பறவை, விலங்கு போன்ற ஒரு சின்னமும் இருந்தன. சில படிகள் சேர்ந்தது மைல்கல் எனப்பட்டது. எல்லாம் சேர்ந்தது ஏணி. பிள்ளை ஏணியைப் பார்த்துத் தன் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, ஆசிரியரின் முழு உதவி தேவைப்படும் குழுவிலோ, சக மாணவரின் உதவியோடு கற்கும் குழுவிலோ, தானே கற்கும் குழுவிலோ சென்று அமரும். தன் வருகையைத் தானே குறிக்கும். அன்றைய வானிலையை அட்டவணையில் பதியும். வகுப்பு முழுவதும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற நெடுநாள் கட்டாயத்தைத் தமிழகம் அன்று உடைத்தது, சிறிய காரியம் அன்று. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அட்டைகள் கிழிந்தன. கூட்டம் மிகுந்த வகுப்புகளில் ஆசிரியரின் நேரம் எல்லாரையும் எட்டவில்லை. அட்டையை முடிப்பதே கற்றல் என்ற நிலை பல இடங்களில் வந்துவிட்டதாகக் குறை எழுந்தது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபின் செயல்வழிக் கற்றல் எளிமையாக்கப்பட்டு, பாடநூல் மீண்டும் மையத்துக்கு வந்தது.

┃ பெட்டிச் செய்தி: எண்ணும் எழுத்தும்
┃ கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைவெளியை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைத் திரட்டினார்கள்.
┃ 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் இயக்கம் தொடங்கியது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்பது இலக்காக இருந்தது. முதலில் 1 முதல் 3 வரை. 2023-24 முதல் 4, 5ஆம் வகுப்புகளும்.
┃ பிள்ளைகள் வகுப்பின்படி அல்லாமல், கற்ற நிலையின்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக்கப்படுகிறார்கள். பாடல், கதை, பொம்மலாட்டம், படைப்பு ஆகியவற்றுக்கு அறையில் தனித்தனிக் களங்கள் உண்டு.

விதியே பாடமாக வேண்டும்

வகுப்பறை விளையாட்டுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் வகையில் பாடம் ஒரு பக்கம், விளையாட்டு மறுபக்கம்: பந்தைச் சுற்றிக் கொடுத்துப் பாட்டு நின்றதும் கையில் பந்து வைத்திருப்பவரிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்கப்படுகிறது. இங்கே பந்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் தொடர்பில்லை. ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை முன்பே தெரிந்ததைச் சொல்கிறது. தெரியாத பிள்ளை பந்து தன்னிடம் நின்றுவிடக் கூடாதே என்று அஞ்சி அதை வேகமாகத் தள்ளுகிறது. இரண்டாம் வகையில் விளையாட்டின் விதிக்குள்ளேயே பாடம் இருக்கிறது. பாடத்தைச் செய்யாமல் அடுத்த நகர்வு இல்லை. கற்பிப்பது இந்த இரண்டாம் வகைதான்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வொன்று எளிய எண் பலகை ஆட்டத்தைப் பற்றியது. அமெரிக்க உளவியலாளர்கள் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிக் குழந்தைகள் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நேர்கோட்டுப் பலகையில், 15 நிமிட அமர்வுகளாக மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் விளையாடினார்கள். எண்ணுக்குப் பதில் நிறங்கள் இருந்த பலகையில் ஆடியவர்களைவிட அவர்களுடைய எண்ணறிவு தெளிவாக உயர்ந்து, ஒன்பது வாரங்களுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. 2014இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் 100 வரை எண்ணிட்ட பலகையைக் கொண்டு செய்த தொடராய்வு இன்னும் கூர்மையானது. ஒரே பலகை, ஒரே ஆட்டம். ஒரு குழு நகர்த்தும்போது 'ஒன்று, இரண்டு' என்று எண்ணியது, மற்றது தான் நிற்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணியது. தொடர்ந்து எண்ணிய குழுவே கற்றது.

பரமபதம் ஆடத் தெரிந்த எந்த வீட்டிலும் இதைச் சரிபார்க்கலாம். 24ஆம் கட்டத்தில் இருக்கும் பிள்ளை மூன்று போட்டால், காயைத் தட்டியபடி 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று சொல்லி நகர்த்துவதே வழக்கம். அப்போது அது பலகையில் எழுதியிருக்கும் எண்களைப் பார்க்கவே வேண்டியதில்லை. 'இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு' என்று சொல்லித்தான் நகர்த்த வேண்டும் என்று ஆசிரியர் ஒரே ஒரு விதியைச் சேர்த்துவிட்டால், 24உடன் 3 சேர்ந்தால் 27 என்பது ஒவ்வொரு நகர்விலும் கண்ணுக்கும் வாய்க்கும் விரலுக்கும் ஒருசேரப் பழகுகிறது. பாம்பில் இறங்கும்போது எத்தனை கட்டம் குறைந்தது என்று கேட்டால் கழித்தலும் வந்துவிடுகிறது. செலவு எதுவும் இல்லை; ஆசிரியரின் கவனம் மட்டுமே கூடுதலாகத் தேவை.

பல்லாங்குழியும் அப்படித்தான். இரு வரிசைகளில் ஏழேழாக 14 குழிகள். குழிக்கு ஐந்து முத்து வைத்தால் 70, ஆறு வைத்தால் 84. ஒரு குழியின் முத்துகளை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்லும்போது, தேர்ந்த ஆட்டக்காரி எடுப்பதற்கு முன்பே கை எங்கே முடியும், அடுத்த குழி வெறுமையாக இருக்குமா என்று கண்ணால் அளந்துவிடுகிறாள். குழியில் 17 முத்து சேர்ந்திருந்தால் ஒரு முழுச் சுற்று போக மூன்றாம் குழியில் முடியும். 17ஐ 14ஆல் வகுத்தால் மீதி 3 என்பதை அவள் அறிந்தே ஆடுகிறாள், அந்தப் பெயரில் அறியாவிட்டாலும்.

அந்தப் பெயரை அறியாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு. தில்லியில் பிரதம் அமைப்பின் 214 பாலர் பள்ளிகளைச் சேர்ந்த 1,540 குழந்தைகளைக் கொண்டு நடந்து, 2017இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த ஆய்வில், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அளவையும் வடிவையும் ஒப்பிடும் கணித விளையாட்டுகளைக் குழந்தைகளுக்குத் தந்தார்கள். குழந்தைகளின் உள்ளார்ந்த கணித உணர்வு கூர்மையடைந்து, ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. ஆனால் முதல் வகுப்பில் எண்ணுருக்களையும் குறிகளையும் கொண்டு கற்கும் பள்ளிக் கணக்கில் அதனால் நிலையான பயன் விளையவில்லை. குழிக்கும் கரும்பலகைக்கும் இடையே பாலம் தானாக அமைவதில்லை. ஆட்டம் முடிந்த கையோடு, நடந்ததை எண்ணிலும் குறியிலும் எழுதிப் பேசும் பத்து நிமிடங்கள் வேண்டும். நேர நெருக்கடியில் முதலில் விடுபடுவது அந்தப் பத்து நிமிடங்களே.

┃ பெட்டிச் செய்தி: தாயக்கட்டைக்குள் ஒரு நிகழ்தகவுப் பாடம்
┃ வெண்கலத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: வெறுமை, 1, 2, 3. இரண்டும் விழக்கூடிய விதங்கள் 4 × 4 = 16.
┃ தாயம் (1) விழ 2 வழி. இரண்டு விழ 3. மூன்று விழ 4. நான்கு விழ 3. ஐந்து விழ 2. ஆறு விழ 1. இரண்டும் வெறுமையாகி 12 ஆக 1.
┃ ஆகவே தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மூன்றே அடிக்கடி விழுவதன் காரணத்தைப் பிள்ளைகள் நூறு முறை உருட்டிக் குறித்துத் தாமே கண்டுகொள்ளலாம். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற வழக்கின்படி, அந்த வாய்ப்பு 16இல் 6.

கிளிக்குப் பின் என்ன சொல்வது?

மொழிப் பாடத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒரு சொல் முடியும் எழுத்தில் அடுத்தவர் சொல்லைத் தொடங்க வேண்டும் என்ற சொல்சங்கிலி, தமிழ் வகுப்பில் எங்கும் ஆடப்படுவது. பந்து என்றால் துணி. துணியில் நின்றுவிடுகிறது, ஏனெனில் 'ணி' என்று தொடங்கும் தமிழ்ச் சொல் இல்லை. கிளியிலும் மழையிலும் அப்படியே. ஆட்டம் அடிக்கடி அறுந்துபோவதால் பல ஆசிரியர்கள் 'கடைசி எழுத்து வராவிட்டால் வேறு சொல் சொல்லலாம்' என்று விதியைத் தளர்த்திவிடுகிறார்கள். தளர்த்தாமல், அறுந்த இடங்களையெல்லாம் கரும்பலகையில் எழுதச் சொன்னால், ண, ழ, ள, ற, ன வரிசைகள் ஒவ்வொன்றாக அங்கே வந்து சேரும். மெய்களில் பத்து மட்டுமே உயிரோடு கூடிச் சொல்லின் முதலில் வரும் என்று நன்னூல் வகுத்த மொழிமுதல் எழுத்து விதியை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே கண்டறிந்த விதியாக அடைகிறார்கள். அடுத்த சுற்றில், எதிரணியை மடக்குவதற்காகவே 'ழை', 'ளி' என முடியும் சொற்களைத் தேடத் தொடங்குகிறார்கள். ல, ள, ழ வேறுபாட்டை எழுத்துப் பிழையின்றிப் பழகுவதற்கு இதைவிட நல்ல தூண்டுதல் எளிதில் கிடைக்காது.

குற்றாலத்தை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி, பந்தாடும் தலைவியையும் பறவைகளைப் பெயர் சொல்லிப் பிடிக்கவரும் சிங்கனையும் கொண்ட நாடகம். குளங்களிலும் வயல்களிலும் பறவைகளைக் கண்டு வளரும் வடகரை வட்டாரத்துப் பிள்ளைகள் அக்காட்சியை எளிய உரைநடையில் நடித்து, தாம் பார்த்த பறவைகளின் பெயர்களை அட்டைகளில் எழுதிச் சேர்ப்பது, இந்த மண்ணில் மட்டும் செய்யக்கூடிய மொழிப் பாடம்.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

சாரல் பருவத்தில் குற்றாலத்தின் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவிந்திருக்கும். பாவூர்சத்திரம் சந்தைக்கு வட்டாரத்துக் காய்கறி ஆண்டு முழுவதும் வரும். கடையிலும் தோப்பிலும் பெற்றோருக்குக் கை கொடுக்கும் பிள்ளைகள் இங்கே பலர். கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, டுஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவதையும், அதற்கிணையான பள்ளிக் கணக்கைத் தாளில் கொடுத்தால் தடுமாறுவதையும் காட்டியது. பள்ளி மட்டுமே அறிந்த பிள்ளைகளின் நிலை நேரெதிராக இருந்தது.

வகுப்பறையில் சந்தை ஆட்டம் ஆடும் ஆசிரியருக்கு இந்த ஆய்வு ஒரு வழியைச் சொல்கிறது. கிலோ 240 ரூபாய் விற்கும் பழத்தில் கால் கிலோ கேட்டால், கடைக்காரப் பிள்ளை 240இல் பாதி 120, அதில் பாதி 60 என்று நொடியில் சொல்லும். பாடநூல் வழிப்பட்ட பிள்ளை 250ஐ 240ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்கத் தொடங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டும் ஒரே விடைக்கு ஏன் வருகின்றன என்று வகுப்பையே விளக்கவைத்தால், கடையில் நிற்கும் பிள்ளை அன்று தன் அறிவு பள்ளியிலும் மதிக்கப்படுவதைக் காண்கிறது. வகுப்பின் பின்வரிசையில் ஒடுங்கியிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த அறிவோடு இருக்கிறார்கள் என்பதைப் பள்ளிகள் கண்டறியாமலே அவர்களைப் 'பின்தங்கியவர்' என்று வகைப்படுத்திவிடுவது மிகுந்த வேதனைக்குரியது.

யார் வெளியே உட்காருகிறார்?

விளையாட்டு எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் என்பது பொதுவான நம்பிக்கை. நடைமுறையில் பல ஆட்டங்கள் நேரெதிரான வேலையைச் செய்கின்றன. தவறாகச் சொன்னவர் வெளியேற வேண்டும் என்ற விதியுள்ள எந்த ஆட்டத்திலும், பயிற்சி மிகுதியாகத் தேவைப்படும் பிள்ளையே முதலில் வெளியேறுகிறது. நன்கு தெரிந்த இருவர் கடைசிவரை ஆட, மற்றவர்கள் சுவரோரம் அமர்ந்து கைதட்டுகிறார்கள். அடுத்த முறை அந்த ஆட்டத்தின் பெயரைக் கேட்டதும் அப்பிள்ளையின் முகம் வாடுவதை ஆசிரியர் காணலாம். வெளியேற்றத்துக்குப் பதில், தவறியவர் அடுத்தவரிடம் உதவி கேட்டு மீண்டும் சொல்லலாம், அணியின் மதிப்பெண் எல்லாரும் சொன்னபிறகே ஏறும் என்று விதியை மாற்றினால், அதே ஆட்டம் சக மாணவர் கற்பிக்கும் களமாகிவிடுகிறது. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் 23 சந்திகளில் மோதும் ஆடு புலி ஆட்டத்தை இருவர் ஆடுவதைவிட, ஒவ்வொரு பக்கத்திலும் மூவராக அமர்ந்து, நகர்த்தும் முன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று ஆடும்போது பேச்சுத்திறனும் சிந்தனையும் சேர்ந்து வளர்கின்றன.

பரிசும் அவ்வாறே எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவால் வரைவதை விரும்பிச் செய்துவந்த பாலர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பொன்முத்திரையிட்ட சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டது. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியே வரைந்தார்கள். நட்சத்திர வில்லையும் மிட்டாயும் கொடுத்து ஆடவைக்கும் வகுப்பு, விளையாட்டுக்குள் இருந்த இயல்பான இன்பத்தையே கூலிவேலையாக மாற்றிவிடும் ஆபத்து அதில் தெரிகிறது.

வகுப்பறை இரைச்சலைப் பொறுத்தவரை, தலைமையாசிரியர்களின் கவலை நியாயமானதே. ஒரே கட்டடத்தில் தடுப்புச் சுவரின்றி இரு வகுப்புகள் நடக்கும் பள்ளிகளில் ஒரு பக்கத்தின் பாட்டு மறுபக்கத்தின் வாசிப்பைக் கெடுக்கும். ஆடலையும் அமைதியான பலகை ஆட்டங்களையும் இரு வகுப்புகளும் ஒரே நேர ஒழுங்கில் வைத்துக்கொள்வது இதற்குப் போதுமான தீர்வு.

ஆசிரியரின் கைகள்

கல்வித் திட்டங்களைப் பற்றிய பேச்சில் ஆசிரியரின் உழைப்புக்கு எப்போதும் குறைந்த இடமே கிடைக்கிறது. ஒரு வாரத்துக்கான அட்டைகளை வெட்டி, எழுதி, ஒட்டி, பிள்ளைகளின் கை பட்டுக் கிழியாதபடி உறையிட்டு வைப்பது மாலை நேரங்களை விழுங்கும் வேலை. அதன்மேல் வருகைப் பதிவு, மதிப்பீடு, திட்டங்களின் விவரம் ஆகியவற்றைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றும் கடமையும் சேர்ந்திருக்கிறது. மலையடிவாரத்தில் இணைய இணைப்பு தடுமாறும் நாட்களில் அது பாடவேளையையே எடுத்துக்கொள்கிறது. செயலியில் பதிவேற்றும் பணியைக் குறைக்க வேண்டும் என்று ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து கேட்டுவருகின்றன. அக்கோரிக்கை சலுகை கேட்பதாகப் பார்க்கப்படக் கூடாது. பிள்ளை எந்த எண்ணில் தடுமாறியது என்று உடனிருந்து கவனிப்பதே விளையாட்டுவழி மதிப்பீடு. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால் அதைச் செய்ய இயலாது.

இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளியில் ஒருவர் முதல் மூன்று வகுப்புகளையும், மற்றவர் நான்கு, ஐந்தையும் பார்ப்பதே வழக்கம். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். இந்நிலையில் மேலிருந்து வரும் கையேடு, நாளுக்கு நாள், மணிக்கு மணி இன்னதைச் செய்க என்று வகுத்துத் தரும்போது, தன் பிள்ளைகளுக்கு இன்று எது வேண்டும் என்று தீர்மானிக்கும் இடம் ஆசிரியருக்குச் சுருங்குகிறது. செயல்வழிக் கற்றலின் அட்டைகளுக்கு நேர்ந்தது இன்றைய களங்களுக்கும் நேராமல் இருக்க, அந்த இடத்தை ஆசிரியருக்குத் திருப்பித் தருவதே முதல் தேவை.

┃ பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?
┃ 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடிப்பார்த்தல் ஆகியவற்றின் வழியே, குழந்தையை மையமாகக் கொண்ட கற்றலை வலியுறுத்துகிறது. அச்சமும் பதற்றமும் இன்றிக் குழந்தை தன் கருத்தைச் சொல்ல வழி செய்யவும் பணிக்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.
┃ சட்டத்தின் அட்டவணைப்படி, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப விளையாட்டுப் பொருள்கள் தரப்பட வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர்.

ஆறாம் வகுப்பில் மூடும் கதவு

ஐந்தாம் வகுப்புவரை தரையில் அமர்ந்து ஆடிக் கற்ற பிள்ளை, ஆறாம் வகுப்பில் பெஞ்சுக்குப் போனதும் ஆட்டமும் முடிந்துவிடுகிறது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு எளிய அறிவியல், கணிதச் செயல்பாடுகளைக் கருத்தாளர்கள் வழியே கொண்டுசெல்கிறது, நல்ல முயற்சி. எனினும் எப்போதாவது வரும் கருத்தாளரின் செயல்விளக்கம், அன்றாடப் பாடமுறைக்கு ஈடாகாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பொதுத் தேர்வின் நிழல் விழத் தொடங்க, உடற்கல்விப் பாடவேளையையும் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்கின்றன.

தேர்வு மாறாமல் வகுப்பறை நெடுநாள் மாறியிருக்க முடியாது என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் சான்று. 1972இல் தொடங்கிய அத்திட்டத்தில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் சோதனைகளைத் தாமே செய்து கற்றார்கள். பிற்காலத்தில் பழைய பொருள்களிலிருந்து பொம்மை செய்து புகழ்பெற்ற அரவிந்த் குப்தா, 1978இல் அங்கேதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து வடிவியல் கற்பிக்கும் முறையைக் கண்டார். அத்திட்டத்தின் சிறப்பு, தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் சோதனை செய்து விடை எழுதவும் இடமளித்தது. அதனாலேயே அது மூன்று பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. தமிழகத்தில் எட்டாம் வகுப்புவரையாவது பருவத் தேர்வின் ஒரு பகுதியைச் செய்துகாட்டும் தேர்வாக மாற்றினால், தாயக்கட்டையும் தீக்குச்சியும் ஆறாம் வகுப்புக்குள்ளும் துணிந்து நுழையும்.

தாய்மார்களும் ஆடட்டும்

பெற்றோரின் நம்பிக்கையைப் பெறாத எந்த முறையும் அரசுப் பள்ளியில் நிலைக்காது. 'அங்கே விளையாட்டுத்தான் நடக்குது' என்ற ஒரு சொல், பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடப் போதுமானது. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும், பணியிடம் குறைந்தால் விளையாட்டும் பாடமும் சேர்ந்தே குன்றும். வீட்டுப்பாட நோட்டில் மதிப்பெண் தேடும் பெற்றோருக்கு அரும்பு, மொட்டு, மலர் என்ற வகைப்பாடு எதையும் சொல்வதில்லை. பிள்ளை சென்ற மாதம் எதை வாசிக்கத் திணறியது, இந்த மாதம் எதை வாசிக்கிறது என்று அவர்கள் முன்னிலையில் வாசிக்கவைத்துக் காட்டுவதே தெளிவான கணக்கு.

கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் அமைக்கச் சொன்ன பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தென்காசி வட்டாரத்தில் அந்தப் பெண்களில் பலர் ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்ற கணக்கில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர்கள். வயலிலும் தோப்பிலும் வேலை பார்ப்பவர்கள். கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டுப் போகும் அவர்களிடம் பள்ளி கேட்டுப் பெறக்கூடிய அறிவு நிறைய இருக்கிறது. பல்லாங்குழியிலும் தட்டாங்கல்லிலும் தாயத்திலும் ஆசிரியர்களைவிட அவர்களே தேர்ந்தவர்கள். வடகரையிலோ அச்சன்புதூரிலோ ஒரு பள்ளி, மாதக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தைப் பல்லாங்குழிக்கு ஒதுக்கி, முத்தை அள்ளுமுன் கை எங்கே முடியும் என்று எப்படிக் கணிக்கிறார்கள் என அவர்களையே பிள்ளைகளுக்குச் சொல்லவைத்து, ஆசிரியர் அதைப் பக்கத்திலேயே வகுத்தல் கணக்காக எழுதிக் காட்டினால், விளையாட்டில் பாடம் எங்கே இருக்கிறது என்ற பெற்றோரின் கேள்விக்கு அவர்கள் கண்முன்னேயே விடை கிடைக்கும். பலகை வாங்கப் பணம் ஒதுக்கீடாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தரையில் பதினான்கு வட்டமும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். பிள்ளைகள் வெளியே போக முடியாத சாரல் வாரங்களே அதைத் தொடங்க ஏற்ற காலம்.